இருபத்தெட்டு போதும்

என் மச்சான் அன்றைக்குக் குடித்திருக்கவில்லை. இதை நான் சொல்வது மூன்றாவது தடவை. முதல் தடவை கோயில் வாசலில் நாற்பது பேருக்கு முன்னால் வாய்விட்டுச் சொன்னேன். இரண்டாவது தடவை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு தடவையும் என்னைப் பாராட்டினார்களே தவிர, ஒருவர்கூட நம்பவில்லை. இதைப் படிக்கிற உங்களுக்கு என்னையும் தெரியாது, மச்சானையும் தெரியாது. அதனாலாவது நம்புவீர்கள் என்ற நப்பாசையில் எழுதுகிறேன்.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பனிமலையிலும் பாலைவனத்திலும் ஓட்டி முடித்து, நாற்பத்து மூன்று வயதில் பென்ஷனோடு ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தார். நான் பிசிக்ஸ் வாத்தியாராக இருக்கிற தனியார் பள்ளியில் அப்போது பஸ் ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன். செட்டியார்பட்டிப் பக்கம் போகிற பஸ் அவருடையது. தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஆறு டயரையும் சுற்றி வருவார். ஒவ்வொன்றின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து கேஜ் வைத்துக் காற்றுப் பார்ப்பார். மற்ற டிரைவர்கள் டயரை ஒரு எத்து எத்திப் பார்த்துவிட்டு ஏறிவிடுவார்கள். "பட்டாளத்தாரு டயருக்கு நாடி பிடிச்சுப் பாக்காரு" என்று கேலி பேசுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அக்காவின் சின்னப் பெண்ணுக்கு ஐந்து வயது முடிந்தும் காது குத்தவில்லை. முதலில் மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை, பிறகு பங்காளி வீட்டில் ஒரு சாவு. ஒரு வழியாகச் சித்திரையில் ஒரு திங்கட்கிழமை நாள் குறித்தார்கள். மச்சானின் குலதெய்வக் கோயில் சுந்தரபாண்டியத்தைத் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். அதாவது நான்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் சும்மா இல்லை. காது குத்தி முடிந்து பத்து வருடம் ஆனாலும், "மாமங்காரன் என்ன கொண்டாந்தான்?" என்ற கேள்விக்குப் பதில் ஊரில் இருந்துகொண்டே இருக்கும். வாத்தியார் சம்பளக்காரன், என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறான் என்று மச்சானின் பங்காளிகளில் ஒருவர் சொன்னதாக என் காதுக்கு வந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு மூட்டை அரிசி, பித்தளை அண்டா, குத்துவிளக்கு, முழு வாழைத்தார் இரண்டு, ஒரு சாக்கு தேங்காய், பட்டுப்பாவாடை, தோடு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா பத்துக் கிலோ. அத்தனையையும் வேனில் அனுப்பாமல் என் காரிலேயே கொண்டுபோய் இறக்க வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

என் கார் பழைய கார். வாங்கி நாலு வருடம் ஆகியிருந்தது. எனக்கு முன்னால் யாரோ ஓட்டியது.

முந்தின நாள் மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவாவும் குத்துவிளக்கும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மூன்று மணி. ரோட்டில் தார் இளகிப் பளபளத்தது. ஸ்டீயரிங்கைத் துண்டு போட்டுப் பிடிக்க வேண்டியிருந்தது. ராஜபாளையத்துக்குள் நுழைந்ததும் ஒரு பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்க நிறுத்தினேன். காற்று மெஷினில் நீலச் சட்டை போட்ட பெண் ஒருத்தி நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வெயிலுக்குத் தலையில் துண்டைச் சுற்றி, அதற்கு மேல் தொப்பி வைத்திருந்தாள்.

"எம்புட்டு சார் வைக்கணும்?"

"இப்ப எம்புட்டு இருக்கு?"

வால்வில் குழாயை மாட்டிப் பார்த்துவிட்டு, "முப்பத்தெட்டு காட்டுது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போதே முப்பத்தெட்டு என்றால் நாளைக்கு அவ்வளவு பாரத்தோடு, இந்த வெயிலில் ஓடினால் நாற்பத்தைந்தைத் தொடுமே, டயர் வெடித்துவிடுமே என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்று ஊரில் எல்லோரும் சொல்வதும் சேர்ந்துகொண்டது.

"எறக்கி இருபத்தெட்டு வைம்மா. நாளைக்கு லோடு ஏத்தணும்."

அவள் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றாள். "சார், வண்டி ஓடி வந்த சூட்டுல அப்படித்தான் காட்டும். காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னால பாத்தாத்தான் நெசமான காத்து தெரியும். இப்ப எறக்கிராதீங்க. நாளைக்கு லோடு ஏத்தப் போறீங்கன்னா பின்னாடி கூடத்தான் வைக்கணும்."

எனக்குப் பின்னால் ஒரு காரும் இரண்டு பைக்கும் நின்றுகொண்டிருந்தன. எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பது போல எனக்குத் தோன்றியது.

"எம்மா, நான் பிசிக்ஸ் வாத்தியார். எனக்கே பாடம் எடுக்கியா? இருபத்தெட்டு போதும்."

அவள் குனிந்து குழாயை மாட்டினாள். நாலு டயரிலும் உஸ்ஸென்று காற்று வெளியே போனது. மூடிகளைத் திருகிவிட்டு, என்னைப் பார்க்காமல் அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள். இதையே ஒரு ஆண் சொல்லியிருந்தால் "அப்படியா?" என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது.

இத்தனைக்கும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நான் நடத்துகிற பாடம் அது. அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் கூடும், ஆறினால் குறையும். உதாரணமாக டயரைத்தான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு என் கணக்கின் முதல் வரியே தப்பு. மெஷின் காட்டிய முப்பத்தெட்டு, சூட்டையும் சேர்த்து வந்த எண். வண்டி ஆறியிருந்தால் அது முப்பத்து மூன்றாகத்தான் இருந்திருக்கும், என் காருக்கு வேண்டிய சரியான அளவு. நான் அதிலிருந்து பத்தைப் பிடுங்கிவிட்டேன். மறுநாள் காலையில் டயருக்குள் இருந்தது இருபத்து நாலு. அதன் தலையில் இரண்டு மூட்டை அரிசியை ஏற்றினேன்.

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்கு. அதற்குள் கிளம்ப வேண்டும். பங்காளிகள் ஏறிய வேன் முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. காரை மச்சான் ஓட்டுவதாகப் பேச்சு. பட்டாளத்து டிரைவர் வீட்டில் இருக்கும்போது வாத்தியார் ஓட்டினால் நன்றாகவா இருக்கும்? முன்சீட்டில் பிள்ளையோடு நான். பின்னால் அக்காவும் என் மனைவியும், அவர்கள் காலடியில் தேங்காய்ச் சாக்கு. டிக்கியில் அரிசி மூட்டைகள். மேலே கேரியரில் அண்டாவும் வாழைத்தாரும். டிக்கியின் ஓரத்தில் துணியில் சுற்றி இரண்டு பாட்டில். கிடா விருந்துக்கு மிலிட்டரி சரக்கு வேண்டும் என்று பங்காளிகள் மச்சானை நச்சரித்து வாங்கி வைத்தவை.

அக்கா நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். சூடம் காட்டினாள். அப்போதுதான் மச்சான் பின்னால் போய்க் குனிந்தார்.

"என்ன மாப்ள, பின் டயரு செத்த அமுங்கித் தெரியுது?"

பாக்கெட்டைத் தடவினார். கேஜ் பஸ்ஸில் கிடந்தது.

"லோடு ஏறியிருக்குல்லா மச்சான், அதான். நேத்துதான் நின்னு காத்து பாத்தேன். கரெக்டா இருக்கு."

வேனிலிருந்து யாரோ, "ராகு காலம் வந்துரும், எடுங்கப்பா" என்று கத்தினார்கள். மச்சான் டயரை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ பாத்திருந்தா சரி" என்று ஏறி உட்கார்ந்தார்.

வண்டி நகர்ந்தது. நாலு பழமும் நன்றாக நசுங்கியதா என்று அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டு அம்மாவும் குனிந்து பார்த்து, "நாலும் செதறிருச்சு, நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றார். எங்கள் வீடுகளில் பயணம் கிளம்பினால் எலுமிச்சம்பழத்தைத்தான் எல்லோரும் பார்ப்போம். டயரைப் பார்த்தவர் ஒரே ஒருவர். அவர் வாயை நான் அடைத்துவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, மதுரை ரோட்டில் கொஞ்ச தூரம் போயிருப்போம். மச்சான் எழுபதைத் தாண்டவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் வந்தேன். பின்பக்கம் இடது டயர் வெடித்தது. வெடி போட்டதைப் போல ஒரு சத்தம், அதற்குப் பிறகு தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம். வண்டியின் பின்பாகம் வாலை ஆட்டுவது போல ஆடியது. நானாக இருந்தால் பிரேக்கைத்தான் மிதித்திருப்பேன். மச்சான் மிதிக்கவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டி தானாக வேகம் குறைய விட்டார். ரோட்டை விட்டு இறங்கி, சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வலது பின்பக்கம் மோதித்தான் நின்றது. அக்கா உட்கார்ந்திருந்த பக்கம்.

பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. என் மனைவிக்கு நெற்றியில் மூன்று தையல். அக்காவுக்கு வலது தோள் நொறுங்கிவிட்டது. ரோடு பூராவும் அரிசி சிதறிக் கிடந்தது. அண்டா உருண்டு போய் முள்ளுக்குள் கிடந்தது. டிக்கியில் இருந்த இரண்டு பாட்டிலும் உடைந்து, வண்டி பூராவும் சாராய வாடை.

முன்னால் போன வேன் திரும்பி வந்தது. முதலில் ஓடிவந்து கதவைத் திறந்தவர், பாட்டில் கேட்டு நச்சரித்த அதே பங்காளி. மூக்கைப் பொத்திக்கொண்டு மச்சானைப் பார்த்து, "என்னப்பா, காலங்காத்தாலயேவா?" என்றார். மச்சான் அக்காவைத் தூக்கி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். "நான் குடிக்கல" என்றார். அந்த ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு எவர் கேட்டும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டாவது தடவை சொன்னால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று பின்னால் ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் தோளில் தகடு வைத்தார்கள். அங்கே வந்து பார்த்த ஒவ்வொருவரும் அதே வாடையைப் பற்றித்தான் குசுகுசுத்தார்கள். இரண்டு நாளில் கதை முழுசாக உருவாகிவிட்டது. பட்டாளத்தான், சரக்கு கையில் புழங்குகிறவன், காலையிலேயே போட்டுவிட்டுப் பொண்டாட்டி தோளை உடைத்துவிட்டான்.

நாலாம் நாள் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் என்னைக் கூப்பிட்டு வெடித்த டயரைக் காட்டினார். பக்கச் சுவர் சுற்றிலும் கருகி, நூல் நூலாகப் பிரிந்திருந்தது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடாகி ஒடிவது போல, காற்றில்லாத டயர் சுற்றுக்கு ஒரு தடவை மடங்கி மடங்கி வெந்துபோயிருக்கிறது என்றார். மற்ற மூன்று டயரிலும் கேஜ் வைத்துப் பார்த்திருந்தார். மூன்றும் இருபத்து நாலு.

"பிரேக்கை மிதிச்சிருந்தா வண்டி உருண்டிருக்கும் சார். ஓட்டுனவரு கெட்டிக்காரரு, அவராலதான் எல்லாரும் உசுரோட இருக்கீங்க. ஆனா இப்படி காத்தை எறக்குன புண்ணியவான் யாரு?"

"தெரியலையேய்யா" என்றேன்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து அவர் உள்தூணைக் காட்டினார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நாங்கள் அப்பிய சந்தனம் அங்கே காய்ந்து தடிப்பாக ஒட்டியிருந்தது. குங்குமம் வேறு. நகத்தால் சுரண்டினார். அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர். இரண்டு பேர் போனால் முப்பத்து மூன்று, ஆளும் சாமானும் நிறைந்து போனால் பின்னால் முப்பத்தாறு, டயர் ஆறியிருக்கும்போது. வண்டி செய்தவனே படம் போட்டு எழுதி ஒட்டியிருக்கிறான். நாலு வருடமாக அதன் மேல்தான் நான் பொட்டு வைத்து வந்திருக்கிறேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அக்கா வலியில் முனகிக்கொண்டிருந்தாள், குணமாகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பிசிக்ஸ் வாத்தியார் டயர் காற்றில் கோட்டை விட்டான் என்று ஸ்டாஃப் ரூமில் சிரிப்பார்களே என்று பயந்தேன். அக்கா இனி என்னை வீட்டுக்குள் விடமாட்டாளோ என்று பயந்தேன். பழி ஏற்கெனவே ஒரு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது, நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் போதும். அவ்வளவு சுலபமாக இருந்தது.

பள்ளி திறந்ததும் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். பெற்றோர்கள் பேசிக்கொள்கிறார்களாம். பிள்ளைகள் ஏறுகிற வண்டி பாருங்கள் சார், உங்கள் மச்சான் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும் என்றார். மேஜைக்கு எதிரில் நான் நின்றேன். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, நேராக வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். மச்சான் பஸ்ஸிலிருந்து தன் கேஜை எடுத்துக்கொண்டு போனார். பிறகு ஒரு நூல் மில் கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டிய மனிதர், போகிற வருகிற லாரிக்கு கேட்டைத் திறந்துவிட்டு நின்றார்.

அக்காவால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவது மச்சான் வேலை ஆனது. நான் சாயங்காலம் அடிக்கடி போவேன். குற்றவாளிக்கு அந்த இடத்தைச் சுற்றித்தான் கால் போகும் போலிருக்கிறது. மச்சான் மில்லிலிருந்து வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குப் போவார். அக்காவின் முகத்துக்கு நேராக, மூச்சு படுகிற தூரத்தில் நின்று, "வந்துட்டேன்" என்பார். ஒரு நிமிஷம் அப்படியே நிற்பார். அதற்குப் பிறகுதான் கை கால் கழுவப் போவார். முன்பெல்லாம் அவருக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அடிபட்ட பிறகு பொண்டாட்டி மேல் பாசம் கூடிவிட்டது என்று நினைத்தேன். என் மனைவியிடம் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து நான் வந்த அன்றே அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன். "எப்ப சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த சித்திரையில் மறுபடி நாள் குறித்தார்கள். இந்தத் தடவை எல்லோரும் பஸ்ஸில் போனோம். நான் கொண்டுபோனது பட்டுப்பாவாடையும் தோடும் மட்டும். கோயில் வாசலில் என்னைச் சம்மணம் போட்டு உட்கார வைத்து, மடியில் பிள்ளையை வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா, வலிக்குமா?" என்றாள். "வலிக்காதுடா" என்று சொல்ல வாய் எடுத்தேன், முடியவில்லை. இன்னும் ஒரு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. காது குத்தி முடிந்து, பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருக்கும்போதே சொன்னேன்.

"போன வருசம் மச்சான் குடிக்கல. முந்தின நாள் நான்தான் டயர்ல காத்தை எறக்கினேன். பங்க்ல வேண்டாம்னு சொல்லியும் கேக்கல. காலையில மச்சான் பாக்க வந்தப்பவும் கரெக்டா இருக்குன்னு சொன்னது நான்தான். தப்பு பூராவும் என் மேல."

பிறகு அந்தப் பாட்டில் பங்காளி முன்னால் வந்து என் தோளைத் தட்டினார்.

"பாத்துக்கிடுங்கப்பா, இவருதாம்யா தாய்மாமன். அக்கா வீட்டுக்காரன் பேரு கெடக்கூடாதுன்னு பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிடுதாரு. இந்தக் காலத்துல எவன் செய்வான்?"

எல்லோரும் ஆமோதித்தார்கள். ஒரு பெரியவர் எனக்குத் துண்டு போர்த்தினார். நெசமாத்தான் சொல்றேன், நெசமாத்தான் சொல்றேன் என்று நான் கத்தக் கத்த, என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. மச்சானைப் பார்த்தவர்களின் கண்ணில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. மச்சினனைப் பொய் சொல்ல வைத்தவன். நான் செய்ததிலேயே பெரிய அநியாயம் காற்றை இறக்கியதா, இல்லை அன்றைக்கு அங்கே வைத்துச் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தச் சின்னப் பாலம் வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"நீ எறக்கினது தப்புதான் மாப்ள. ஆனா வண்டிய எடுக்கறவன் பாக்கணும். அம்புட்டு வருசம் பாத்தவன், அன்னைக்கு மட்டும் பாக்கல. படிச்சவன் நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பள்ளி திறந்ததும் தாளாளருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். முப்பத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்து நாலு, எல்லாம் எழுதினேன். படித்துவிட்டு மடித்து வைத்தார். "குடும்பப் பாசம் புரியுது சார். உங்க நல்ல மனசு யாருக்கும் வராது. ஆனா அந்த பஸ்ஸுக்கு வேற ஆள் போட்டாச்சு" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

அந்த வாரம் அக்கா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, கோயில்ல சொன்னியே, மாமன் கெத்துக்குச் சொன்னியா, நெசமாவே சொன்னியா?" நெசம் என்றேன். என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவளே நம்ப முடியாமல் தவிக்கிறாள் என்று தெரிந்தது. ஊர் எப்படியும் போகட்டும். இவள் ஒருத்தியாவது நம்ப வேண்டும்.

மறுநாள் அந்தப் பங்க்குக்குப் போனேன். அதே பெண், அதே தொப்பி. வண்டியை விட்டு நான் இறங்கும் முன்பே, "நீங்க அந்த பிசிக்ஸ் சார்தான?" என்றாள். ஒரு வருடம் ஆகியும் மறக்கவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். பிள்ளை நன்றாக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டாள்.

"ஸ்கூல்ல வந்து சொல்லணுமா சார்? அன்னைக்கு நான் சொன்னதை நீங்களே நம்பல. இப்ப நான் சொன்னா அவிய மட்டும் நம்பிருவாகளா?"

"ஸ்கூல் வேண்டாம்மா. எங்க அக்காகிட்ட மட்டும் சொன்னா போதும்."

கொஞ்சம் யோசித்தாள். "அஞ்சு மணிக்கு ஷிப்ட் முடியும். வாரேன்" என்றாள்.

நீலச் சட்டையோடுதான் வந்தாள். அக்கா வீட்டில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நான் வண்டியை நிறுத்தியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் பேசிய தோரணையைக்கூட விடவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நீ அப்பவே வேண்டாம்னு சொன்னியா தாயி?"

"சொன்னேன்க்கா. ஒரு தடவைதான் சொன்னேன். கோவப்பட்டாருன்னு விட்டுட்டேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கணும்."

அக்காவின் முகம் கோணியது. இடது கையால் சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஊரு சொல்லுச்சுன்னு நானும் நெனச்சேன்லே. அந்த வாடை என் மூக்குலயும்தான ஏறுச்சு. ஒரு வருசமா இந்த மனுசன் வெளிய போயிட்டு வந்தா வாயை மோந்து பாத்துக்கிட்டு இருந்தேன். அவருக்குத் தெரியாம பாக்கறதா நெனச்சு."

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. மச்சான் உள்ளே வந்தார். ஷூவைக் கழற்றினார். புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, வழக்கம்போல நேராக அக்காவிடம் போனார். முகத்துக்கு நேராக, மூச்சு படுகிற தூரத்தில் நின்றார்.

"வந்துட்டேன்" என்றார்.

ஒரு வருடமாக அவர் எதற்காக அப்படி நின்றார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்குச் சிரமம் வைக்காமல், கேட்கவும் விடாமல், தினமும் தானாகவே போய் வாயை நீட்டியிருக்கிறார்.

அக்கா அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். "இனிமே இப்படி வந்து நிக்க வேண்டாம். எனக்குத் தெரிஞ்சு போச்சு. இந்தப் பிள்ளை வந்து எல்லாத்தையும் சொல்லிருச்சு. சத்தியமா நிக்க வேண்டாம்" என்று அழுதாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். அந்த நீலச் சட்டைப் பெண்ணைப் பார்த்தார். பிறகு அக்காவின் தூக்க முடியாத கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்ட்டி" என்றார். "பழகிப்போச்சு."